வெள்ளிக்கிழமை மதியம் வரை உயிரோடு இருப்பாள்

டக்கெட்ஸ் கேப்,
போர்ட்லண்ட், ஜமைக்கா.
செப்டம்பர் 21, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய ஐயோனா அத்தை அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் வெரோனா மிகுந்த மரியாதையுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, ஆடுகள் நான்கு, நான் ஆகிய அனைவரும் நலம். (ஆடுகளை எனக்கு முன்னால் போடச் சொன்னது அப்பா.) பார்படோஸில் உங்கள் முழங்கால், உங்கள் வீட்டுக் கூரை, பக்கத்து வீட்டுக்காரியுடன் உங்களுக்கு இருக்கும் வேலித் தகராறு ஆகிய மூன்றும் கர்த்தரின் கிருபையால் தாங்கிக்கொள்ளும்படியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு நன்றி சொல்வதற்காக. எதற்கு நன்றி என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் நீங்கள் மீதியைப் படிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் எல்லோரிடமும் சொல்லக் கிளம்பிவிடுவீர்கள்.

என் நான்காம் வகுப்பில் அமோய், கடீன் என்று இரண்டு பெண் பிள்ளைகள் இருப்பதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். மழலையர் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. பிளாஸ்டிக் பையில் அடைத்த ஒரே ஜூஸை ஆளுக்கொரு மூலையில் கடித்து, நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு உறிஞ்சுவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இருமுவாள். இவர்களுடைய அரட்டைதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. இரண்டு வாரம் முன்பு பார்படோஸிலிருந்து நெரிஸ்ஸா கிட்டன்ஸ் என்ற பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவள் அம்மாவுக்குக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை கிடைத்து இங்கே குடிவந்திருக்கிறார்கள். அவளை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்தபோது, ஆசிரியர் பயிற்சியில் ஒன்றுக்கு இரண்டாகப் புத்தகம் படித்தவள் என்ற துணிச்சலில், அரட்டையைக் குறைக்க இதுதான் சமயம் என்று அவளைக் கொண்டுபோய் அமோய்க்கும் கடீனுக்கும் நடுவில் உட்கார வைத்தேன் அத்தை. ஒரு வீட்டில் இருக்கும் ஒரே தூணை, வழியை அடைக்கிறது என்று பிடுங்கியவளைப் போல.

நெரிஸ்ஸாவின் பேச்சே எங்கள் பிள்ளைகளுக்கு வேடிக்கையாகப் போயிற்று. உங்கள் ஊரில் ஆச்சரியம் வந்தால் 'ரொட்டி மேல் சீஸ்!' என்று சொல்வது உங்களுக்குப் பழகியிருக்கும். இங்கே அவள் பென்சில் முனை உடைந்து அப்படிச் சொன்னதும், பின்பெஞ்சிலிருந்து ஒஷேன் எழுந்து வந்து கையை நீட்டினான். "எனக்கும் கொஞ்சம் குடு."

"எதை?"

"சீஸை. இப்பத்தானே இருக்குன்னே?"

அவள் அதற்கும் ஆச்சரியப்பட்டு அதையே மறுபடி சொல்ல, அவன் இன்னும் நெருங்கி வர, அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. வாரக் கடைசிக்குள் பாதி வகுப்பு 'ரொட்டி மேல் சீஸ்' என்று கூவ ஆரம்பித்துவிட்டது. எல்லோருக்கும் முதலில் கூவியவள் அமோய். நெரிஸ்ஸா முடியைப் பின்னுகிற மாதிரியே பின்னிக்கொண்டாள், நெரிஸ்ஸா நடக்கிற மாதிரியே நடந்தாள். பை ஜூஸை இப்போது நெரிஸ்ஸாவும் அமோயும் குடித்தார்கள். கடீன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பல்லிடுக்கில் காற்றை நீளமாக இழுத்து, 'ச்ஸ்ஸ்ஸ்' என்றாள். அந்தச் சத்தத்தில் நம் ஊர்ப் பெண்கள் என்னென்ன சொல்லுவோம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இது இத்துடன் நின்றிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். போன திங்கட்கிழமை 'விடுமுறையில் நான் செய்தது' என்று ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லச் சொன்னேன். நெரிஸ்ஸா முறை வந்தது. அவள் எழுந்து, பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, தெளிவாகச் சொன்னாள்: "எங்க வீட்டு முன்னாடி அக்கீ மரம் இருக்கு. லீவு முழுக்க அதுல ஏறி அக்கீ பறிச்சுத் தின்னேன்."

"வேக வச்சுத்தானே?" என்றாள் கடீன்.

"வேக வைக்கிறதா? அக்கீயை யாராவது வேக வைப்பாங்களா? மரத்துலேயே உக்காந்து பல்லால கடிச்சு, உள்ள இருக்கறதை உறிஞ்சிட்டுக் கொட்டையைத் துப்ப வேண்டியதுதான்."

"அது கொட்டாவி விட்டிருந்துச்சா?"

"எது?"

"அக்கீ!"

"அக்கீ எதுக்குடி கொட்டாவி விடணும்? அதுக்குத் தூக்கமா வருது?"

அத்தை, இந்தத் தீவில் பேசக் கற்பதற்கு முன்பே ஒரு குழந்தை கற்பது இதைத்தானே? அக்கீ மரத்திலேயே தானாக வாய் பிளந்து கொட்டாவி விட வேண்டும். அதற்கு முன் தின்றால் விஷம். விட்ட பிறகும் சிவப்பு நாரை எடுத்து, கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அந்த மஞ்சள் சதையைக் கருவாட்டோடு சேர்க்க வேண்டும். அக்கீயைப் பச்சையாகத் தின்று வளர்ந்த பெண் எங்கள் முன்னால் கன்னம் பளபளக்க நிற்கிறாள். ஒஷேன் மெதுவாகத் தன் பெஞ்சைப் பின்னால் நகர்த்தினான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வாய் திறந்து பேசுவதைவிடத் தாளில் எழுதுவது எளிது என்று நினைக்கிற என் சுபாவப்படி, நெரிஸ்ஸாவின் அம்மாவுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். 'தங்கள் மகள் அக்கீயைப் பச்சையாகச் சாப்பிடுவதாகக் கூறுகிறாள். இது தங்களுக்குத் தெரியுமா?' அந்த அம்மாள் இருட்டோடு ஓட்டலுக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவள். மறுநாள் பதில் வந்தது. 'அன்புள்ள மிஸ், தெரியும். அவளுக்கு அக்கீ என்றால் உயிர். ஒரே இருப்பில் ஒரு கொத்து தின்பாள். பள்ளியில் மரம் இருக்கிறதா? இருந்தால் மகிழ்ச்சி. கொட்டையை மட்டும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும், தொண்டையில் சிக்கும்.'

இதை நான் மூன்று முறை படித்துவிட்டுத் தலைமையாசிரியை திருமதி வெடர்பர்னிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார், இன்னும் உட்கார்ந்தார். உடனே சுகாதார நிலையத்து நர்ஸ் வரவழைக்கப்பட்டாள். அவள் நெரிஸ்ஸாவின் நாக்கை நீட்டச் சொன்னாள், கண்ணில் டார்ச் அடித்தாள், எடை பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும்தான் பிரஷர் பாக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துமிருக்கலாம்.

புதன்கிழமை காலை ஜெபக் கூட்டத்தில் திருமதி வெடர்பர்ன் பச்சை அக்கீயின் தீமைகளைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். முதல் நாள் வரை அக்கீயைப் பற்றி நினைத்தே பார்க்காத முதலாம் வகுப்புக் குழந்தைகள்கூட அன்று இடைவேளையில் பள்ளி முற்றத்து அக்கீ மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பருவம் தப்பி அதில் ஒரு கிளையில் மட்டும் காய் சிவந்து, ஆனால் வாய் திறக்காமல் தொங்கியது. என் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நெரிஸ்ஸா சொல்வதை நம்புகிறவர்கள் சன்னல் பக்கம்; நம்பாதவர்கள் கதவுப் பக்கம். நம்பாதவர்களுக்குக் கடீன் தலைவி.

"இவ பொய்க்காரி" என்றாள் கடீன்.

"நெரிஸ்ஸா பொய் சொல்ல மாட்டா" என்றாள் அமோய். "அவங்க அம்மாவே எழுதியிருக்காங்க."

"அப்ப நீ தின்னு காட்டேன்."

"தின்னு காட்டுறேன். நீயே பாரு."

"செத்துருவே."

"செத்தா உனக்கென்ன? நீதான் என்கூடப் பேசவே மாட்டியே!"

நான் இருவரையும் அதட்டி உட்கார வைத்தேன். அதட்டியதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்து, மனம் அமைதியாகட்டும் என்று எல்லோரையும் 'என் உற்ற தோழி அல்லது தோழன்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லி, மாலையில் நோட்டுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தலைப்பை அந்த நாளில் கொடுத்தவளுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை வகுப்பு வினோதமாக அமைதியாக இருந்தது. அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். அழுகையை அடக்குகிறார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வழக்கம்போல ஆசிரியர் அறையின் மூலையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். சாப்பிடும்போது யாரும் என்னிடம் பேசாமல் இருக்க முன்னால் ஒரு புத்தகம் திறந்து வைப்பது என் வழக்கம். அன்று புத்தகத்துக்குப் பதில் மிச்சமிருந்த நோட்டுகள். ஒரு கையில் சீஸ் வைத்த பன், மறு கையில் சிவப்புப் பேனா. கடீனின் நோட்டு வந்தது. அவள் எழுதியிருந்ததை, எழுத்துப் பிழையை மட்டும் நீக்கி, அப்படியே தருகிறேன்:

'என் உற்ற தோழியின் பெயர் அமோய். அவளுக்கு ஒன்பது வயது. பத்து வயது ஆகாது. அவள் வெள்ளிக்கிழமை மதியம் வரை உயிரோடு இருப்பாள். அவளுடைய நீலப் பென்சில் பெட்டி எனக்கு வேண்டாம். நெரிஸ்ஸா எடுத்துக்கொள்ளட்டும். நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இது கட்டுரை.'

நம் ஊரில் காட்டிக்கொடுக்கிறவளுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது ஒன்பது வயதிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் அந்தப் பிள்ளை கட்டுரைக்குள் ஒளித்து வைத்துக் கத்தியிருக்கிறாள். நானோ 'உயிரோடு' என்பதில் எழுத்துப் பிழையைத் திருத்தி, 'பத்து வயது ஆகாது' என்பதற்குப் பக்கத்தில் 'ஏன்? விளக்குக' என்று எழுதி, பத்துக்கு ஏழு போட்டேன் அத்தை. அடுத்த நோட்டை எடுத்த பிறகுதான் கை நின்றது. இன்று வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால்.

ஓடினேன். வெளியே தூறல். வாசலில் சாத்தியிருந்த யாருடைய குடையையோ பிடுங்கிக்கொண்டு, மறு கையில் பன்னோடு ஓடினேன். பாதி முற்றம் தாண்டும்போது அந்தக் குடையின் கைப்பிடி என் விலாவில் இடித்தது. இடித்த அந்த நொடியில் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

நீங்கள் பார்படோஸின் பிரிட்ஜ்டவுனுக்குப் போன முதல் வாரம் எழுதிய கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. வாசிக்க வேறு புத்தகம் கிடைக்காத காலத்தில் உங்கள் புகார்க் கடிதங்களைப் படித்துத்தான் வளர்ந்தேன். பஸ் நிலையத்தில் ஒரு தாய் தன் பையனிடம் "அக்கீயைச் சீக்கிரம் தின்னுட்டு வா" என்று சொன்னதும், நீங்கள் அவன் கையில் இருந்தது என்னவென்றுகூடப் பார்க்காமல் தட்டிவிட்டு, அவன் வாய்க்குள் இரண்டு விரலை விட்டுத் தோண்டி, அந்தத் தாயிடம் குடையால் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே! எங்கள் வீட்டில் அந்தக் கதைக்குப் பெயரே 'குடையடி'. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் குடை மட்டும் நினைவில் தங்கி, பழம் உதிர்ந்துபோயிருந்தது. கடிதத்தின் கடைசி வரி இப்போதுதான் கண்முன்னால் வந்தது: 'இந்த ஊரில் கினெப் பழத்தை அக்கீ என்று சொல்லித் தொலைக்கிறார்கள், தம்பி. இவர்களோடு நான் எப்படிக் காலம் தள்ளுவேன்?'

மரத்தடியில் மொத்த வகுப்பும் வட்டமாக நின்றது. நடுவில் அமோய், வாய் திறக்காத சிவப்புக் காயை உதட்டருகே பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரமாகப் பிடித்திருப்பாள் போல, மறு கையால் முழங்கையைத் தாங்கியிருந்தாள். நான் கண்ணில் பட்டதும் வாயைப் பெரிதாகத் திறந்தாள். "கினெப்!" என்று கத்தினேன். "அவ சொன்னது கினெப்! கினெப்!" பைத்தியம் பிடித்தவளைப் போல அதையே கத்திக்கொண்டு போய், குடையால் அந்தக் காயைத் தட்டிவிட்டேன். பிறகு மழையில் நின்றபடி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பச்சைத் தோலும் கொத்துக் கொத்தான உருண்டையும் உறிஞ்சித் துப்பும் கொட்டையுமாக நாம் கினெப் என்று சொல்வதைத்தான் நெரிஸ்ஸா ஊரில் அக்கீ என்கிறார்கள். நெரிஸ்ஸா பொய் சொல்லவில்லை, கடீனும் தப்பாகச் சொல்லவில்லை, இரண்டு பழத்துக்கு ஒரே பெயர், அவ்வளவுதான் என்றேன். இவ்வளவு நீளமாக நான் யார் முன்னாலும் பேசியதில்லை. பிள்ளைகள் பயிற்சி எடுத்தது போல ஒரே குரலில் "ஆ!" என்றார்கள்.

நெரிஸ்ஸா கண்ணை அகல விரித்தாள். "அப்ப கேன்டீன்ல மீனோட மஞ்சளா வச்சாங்களே, அது முட்டை இல்லையா? ரொட்டி மேல் சீஸ்!"

ஒஷேன் என் கையைப் பார்த்தான். "நிஜமாவே இருக்குடா!" என்றான். பன்னை அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

கடீன் அமோயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அமோய் இன்னொரு கையால் நெரிஸ்ஸாவைப் பிடித்தாள். சாயங்காலம் மூன்று பேரும் வாசல் படியில் உட்கார்ந்து ஒரே பை ஜூஸை மூன்று மூலையில் கடித்து உறிஞ்சியதைப் பார்த்தேன். ஒரு பைக்கு நான்கு மூலை உண்டு என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஆகவே அத்தை, ஒரு பிள்ளையின் உயிரையும் இரண்டு பிள்ளைகளின் நட்பையும் காப்பாற்றியது நீங்கள் வாங்கிய அந்தக் குடையடிதான். இத்தனை வருஷம் அதை வைத்துச் சிரித்ததற்கு எங்கள் எல்லோர் சார்பிலும் மன்னிப்பு. அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இன்று காலை ஆராதனையில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, 'ஆபத்தில் ஓடிவந்த மேய்ப்பி' என்றார். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது என்றாலும், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. நீங்களும் உங்கள் சபையில் தாராளமாகச் சொல்லலாம்.

உங்கள் முழங்காலுக்கு மாடிப்படி இல்லாத நாட்களும், உங்கள் கூரைக்குக் காற்று இல்லாத புயல்காலமும், உங்கள் வேலிக்கு நியாயமும் கிடைக்கக் கர்த்தர் அருள் புரியட்டும். அப்பாவும் அம்மாவும் அன்பைச் சொல்கிறார்கள். ஆடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

என்றும் கடமைப்பட்ட,
வெரோனா.

பின்குறிப்பு (திங்கள் மாலை):

உங்கள் சபையில் சொல்லாதீர்கள்! கடிதத்தை ஒட்டுவதற்குள் நல்லவேளையாக இன்று பள்ளி இருந்தது. கடீன் தன் நோட்டைக் கொண்டுவந்து, 'ஏன்? விளக்குக' என்பதைக் காட்டி, "இப்ப விளக்கட்டுமா மிஸ்?" என்றாள்.

விளக்கினாள். வியாழக்கிழமை காலை, அமோய் சாவதற்கு முன் அவளுக்குப் பிடித்ததைக் கொடுத்துவிடலாம் என்று தன் வீட்டு மரத்தின் கடைசிக் கொத்துக் கினெப்பைப் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பையைத் திறந்ததும் நெரிஸ்ஸா "அக்கீ!" என்று கத்தியிருக்கிறாள். அவ்வளவுதான். மணி அடிப்பதற்குள் எல்லாம் தீர்ந்து, கொத்தையும் தின்று முடித்து, அன்று முழுக்கச் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அப்ப வெள்ளிக்கிழமை எதுக்கு மரத்தடியில நின்னீங்க?"

"கட்டுரையில எழுதிட்டேனே மிஸ். நோட்டை நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க, அழிக்க முடியல."

"கடீன் எழுதுனது பொய்யாயிடக் கூடாதுல்ல" என்றாள் அமோய். "நீங்க படிச்சிட்டு ஓடி வருவீங்கன்னு நின்னோம். ரொம்ப லேட்டா வந்தீங்க மிஸ். கை வலிச்சிருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவ்ளோ நல்லாப் பேசிட்டிருந்தீங்க" என்றாள் நெரிஸ்ஸா. "நீங்க அவ்ளோ பேசி நாங்க கேட்டதே இல்ல. கெடுக்க வேண்டாம்னு விட்டோம்."

நான் யாரையும் காப்பாற்றவில்லை அத்தை. உங்கள் குடையடியும் வீண்தான். போதகரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு அமோய் கையிலிருந்த சிவப்புப் பை ஜூஸை என் பக்கம் திருப்பினாள்.

"நாலாவது மூலை சும்மாத்தான் இருக்கு மிஸ்."

அடுத்தவர் கோப்பையில் தண்ணீர்கூடக் குடிக்காதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு தலை ஒன்றோடொன்று இடிக்க, குனிந்து கடித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன், நாக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.